செட்டு

மூக்கையூரில் இதை யாரும்
இங்கிலீஷ் என்று நினைப்பதில்லை.
கடைசியில் ஒரு உகரத்தை ஒட்டிக்கொண்டு
எப்போதோ நம்ம ஆளாகிவிட்டது.

என் வீட்டுக்காரர் பெயர் இன்னாசி.
கோயில் பதிவேட்டில் மட்டும்.
ஊருக்கு அவர் மைக்செட்டு.
‘மைக்செட்டு சாப்பிடுறாரா?’
என்று கேட்டுக்கொண்டே வாசலுக்கு வருவார்கள்.
இரண்டு புனல், ஒரு ஆம்ப்ளிஃபயர்,
எட்டு ட்யூப்லைட், நாற்பது நாற்காலி.
புதுநன்மைக்கும் சாவுக்கும் ஒரே வாடகை.
சாவு வாடகை பாக்கி நிற்கும்.
கேட்க வாய் வராது.

அவரும் தொம்மையும் ஒரே செட்டு,
பத்தாவதை இரண்டு தரம் எழுதிய செட்டு.
விஞ்சுக் கயிறு அறுந்து அடித்ததில்
தொம்மைக்கு முன்பல் மூன்று போயிற்று.
ராமநாதபுரம் போய்ப் பல்செட்டு கட்டிவந்தான்.
கடலுக்குப் போகும்போதெல்லாம்
அதைக் கழற்றி எங்கள் அலமாரியில்
ஒரு டம்ளர் தண்ணீருக்குள் போட்டுவிட்டுப் போவான்.
‘கடல்ல விழுந்தா நான் நீந்திருவேன் மதினி,
இது நீந்தாது.’
அவன் வீட்டில் வைத்தால்
பிள்ளைகள் எடுத்து விளையாடுமாம்.

என் மகளைத் தொண்டியிலிருந்து பார்த்துப் போனார்கள்.
செட் ஆகாது என்று போன் வந்தது.
எது எதோடு ஆகாது என்று சொல்லவில்லை.
நகையில் ஒரு செட்டு குறைந்ததாம்,
இரண்டு மாதம் கழித்து
மீன் வண்டிக்காரர் சொல்லித் தெரிந்தது.
அவள் ஒருநாள் அழுதாள்.
மறுநாள் ஆம்ப்ளிஃபயரைப் பிரித்து
எரிந்த வயரைத் தானே பற்றவைத்தாள்.

மந்திரம் முடிந்த கையோடு எங்கள் சாமியார்
கட்டுஞ்செட்டுமாக் குடும்பம் நடத்துங்க என்றார்.
அது வேறு செட்டு.
கப்பல் எதுவும் இறக்கிவிடாதது,
முன்பிருந்தே தமிழில் குடியிருப்பது,
சிக்கனம் என்று பொருள்.
எங்கள் வீட்டில் மட்டும் தங்காதது.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம்
தொம்மை போன போட்டிலிருந்து பதில் இல்லை.
வயர்லெஸ் செட்டில் மாறி மாறிக் கூப்பிட்டார்கள்.
எண்ணெய் சுடுவது போல ஒரு இரைச்சல்,
அவ்வளவுதான்.
ஆறு பேர். வாடைக்காற்று வேறு.

மீன் ஏலம் போடும் தகரக் கொட்டகையையும்
செட்டு என்றுதான் சொல்வோம்,
எங்கள் வாயில் ஷ நிற்காது.
அந்தச் செட்டுமேல் இந்தச் செட்டை ஏற்றி
புனல் இரண்டையும் கடலைப் பார்த்துக் கட்டினார்.
எட்டு ட்யூப்லைட்டும் எரிந்தன.
ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிக்கொண்டே இருந்தேன்,
யார் காசு என்று யாரும் கேட்கவில்லை.
‘தொம்மை, இந்தப் பக்கம்டா’ என்று தொடங்கியவர்
பன்னிரண்டு மணிக்குமேல்
மைக்கில் சொல்லக்கூடாத வார்த்தையெல்லாம் சொன்னார்.
சாமியார் பக்கத்திலேயே நின்றார்,
ஒன்றும் சொல்லவில்லை.

இடையில் மூன்று தரம் வீட்டுக்கு ஓடினேன்.
டம்ளர் தண்ணீரை மாற்றினேன்.
எதற்கென்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.

விடிந்தபோது ஒரு நாட்டுப்படகு
அவர்கள் போட்டைக் கயிறு போட்டு இழுத்து வந்தது.
எஞ்சினும் பேட்டரியும் ஒன்றாகப் போய்விட்டதாம்.
நங்கூரம் போட்டுவிட்டு
டார்ச் வெளிச்சத்தில் ரம்மி ஆடியிருக்கிறார்கள்.
‘ஒருத்தனுக்கும் செட்டு சேரலண்ணே.’
என் வீட்டுக்காரருக்குத் தொண்டை போயிருந்தது.
‘மைக் கேட்டுச்சா?’ என்று சைகையில் கேட்டார்.
‘காத்து எதிர்க்காத்து, எதுவும் கேக்கல.
லைட்டு தெரிஞ்சுச்சு.
யாரோ கல்யாணம் வச்சிருக்காங்க,
நம்மளக் கூப்பிடல பாருன்னு பேசிக்கிட்டோம்.’

அடிக்கக் கை ஓங்கியவர்
ஓங்கிய கையாலேயே அவன் தோளைப் பிடித்துக்கொண்டு
எங்கள் வீட்டுக்கு நடந்தார்.
பின்னால் அவன் பெண்டாட்டி மரியபுஷ்பம்,
ராத்திரி முழுக்க ஒரு சொட்டு அழாதவள்.
தொம்மை டம்ளருக்குள் விரலை விட்டான்,
பல்லை எடுத்து உதறினான்,
மாட்டி, வலது பக்கம் கொஞ்சம் அழுத்தி
நாக்கால் தள்ளிப் பார்த்தான்.
‘ம், செட் ஆயிருச்சு’ என்று சிரித்தான்.

அப்போதுதான் அவள்
சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து
அழத் தொடங்கினாள்.